மைசன் நகரத்து வெண்பொன்

பதினேழாம் நூற்றாண்டின் இறுதியில் ஐரோப்பிய மன்னர்களின் விருந்து மேசைகளிலே பொற்கலங்களும் வெள்ளித்தட்டுக்களும் நிறைந்திருந்தன. ஆயினும் அவற்றைக் காட்டிலும் அருமையாக அம்மன்னர்கள் போற்றிப் பாதுகாத்த கலங்கள் வேறு இருந்தன. அவை சீன நாட்டிலிருந்து கப்பலேறி வந்த பீங்கான் கலங்கள். சங்கினைப்போல் வெளுத்தும், மெல்லியனவாயினும் உறுதி வாய்ந்தும், விரலால் தட்டினால் மணிபோல் ஒலித்தும் அவை காண்போர் உள்ளத்தைக் கவர்ந்தன. விளக்கின்முன் பிடித்தால் கலத்தின் சுவரினூடே ஒளி கசிந்து தோன்றும். சோழியின் பளபளப்பை அவற்றில் கண்ட இத்தாலியர், சோழிக்குத் தாம் வழங்கிவந்த பெயரையே இக்கலங்களுக்கும் இட்டனர். அப்பெயரே திரிந்து ஐரோப்பிய மொழிகள் பலவற்றிலும் ‘போர்சலின்’ என நிலைத்துவிட்டது.

பெயர் கிடைத்ததேயன்றிச் செய்முறை கிடைக்கவில்லை. பிளாரன்ஸ் நகரத்து மெடிசி குடும்பத்தார் பதினாறாம் நூற்றாண்டிலேயே பெரும்பொருள் செலவிட்டு முயன்றனர். பிரெஞ்சு நாட்டுக் கைவினைஞர்களும் முயன்றனர். கண்ணாடிச் சேர்மானத்தைக் களிமண்ணோடு கலந்து சுட்டால், வெளித்தோற்றத்தில் பீங்கானை ஒத்த கலம் கிடைத்தது. ஆனால் அது மென்மையானது. சூளையில் எளிதில் வளைந்து உருக்குலைவது. சீனக் குயவரோ இருவகைப் பொருள்களைக் கையாண்டனர். ஒன்று, சூளையின் வெப்பத்திலும் உருகாமல் உருவத்தைத் தாங்கி நிற்கும் கயோலின் என்னும் வெண்களிமண். மற்றொன்று, பெருவெப்பத்தில் உருகி அம்மண்ணின் துகள்களைப் பிணைக்கும் ஒருவகைக் கல். முன்னது எலும்பு, பின்னது தசை என்று அவர்கள் கூறுவது வழக்கம். இவ்விரண்டும் ஒன்றுபட 1300 பாகை செண்டிகிரேடு அளவிலோ அதற்கு மேலோ வெப்பம் வேண்டும். இவ்வுண்மை ஐரோப்பியருக்குத் தெரியாது.

இதனைக் கண்டறியும் வாய்ப்புப் பேரறிஞர்களின் கழகம் எதற்கும் கிட்டவில்லை. பொய்யுரைத்துச் சிறைப்பட்ட மருந்துக்கடைப் பணியாளர் ஒருவருக்கே அது கிட்டியது.

யோகான் பிரீடரிக் பெட்கர் 1682-ஆம் ஆண்டில் செருமனியில் சிலைஸ் என்னும் ஊரிலே பிறந்தார். இளமையிலேயே பெர்லின் நகரில் மருந்து வணிகர் ஒருவரிடம் தொழில் பயிலச் சேர்ந்தார். பகலில் மருந்து அரைத்தவர், இரவில் இரசவாதத்தில் ஈடுபட்டார். இழிந்த உலோகத்தைப் பொன்னாக்கலாம் என்பது அக்காலத்தில் கற்றோரும் நம்பிய கொள்கை. 1701-ஆம் ஆண்டில் பெட்கர், தம் தலைவர் முன்னிலையில் வெள்ளிக் காசுகளைப் பொன்னாக மாற்றிக் காட்டினார் என்பர். அது கைத்திறத்தால் நிகழ்த்திய மாயமேயன்றி வேறன்று. பத்தொன்பது வயது இளைஞர் நண்பர்முன் பெருமை தேடச் செய்த அச்செயல், அவர் வாழ்நாள் முழுவதையும் பற்றிக்கொண்டது.

செய்தி பிரஷிய மன்னர் முதலாம் பிரெடெரிக்கின் செவிக்கு எட்டியது. பொன் செய்ய வல்லவனை எந்த மன்னன்தான் விட்டுவைப்பான்? அஞ்சிய பெட்கர் எல்லையைக் கடந்து சாக்சனி நாட்டினுள் புகுந்தார். அங்கு ஆண்டவர் அகஸ்டஸ். சாக்சனியின் அதிபதியாக இருந்ததோடு போலந்து நாட்டின் அரசராகவும் முடிசூடியவர். போராலும் ஆடம்பரத்தாலும் கருவூலத்தை வற்றச் செய்தவர். பிரஷியர் கேட்டும் அவர் பெட்கரை விடுக்கவில்லை. தம் தலைநகராகிய டிரெஸ்டனுக்குக் கொணர்ந்து காவலில் வைத்தார். உண்ண உணவும் உடுக்க உடையும் ஆய்வுக்கூடமும் குறைவின்றி அளிக்கப்பட்டன. விடுதலை மட்டும் அளிக்கப்படவில்லை. பொன் செய்து தரும்வரை வாயிற்கதவு திறக்காது.

செய்யவியலாத ஒன்றைச் செய்வதாக ஒப்புக்கொண்டவருடைய நிலை இரங்கத்தக்கது. இன்று முடியும், நாளை முடியும் என்று கூறி ஆண்டுகளைக் கடத்தினார் பெட்கர். 1703-இல் தப்பி ஆஸ்திரியாவுக்கு ஓடினார். பிடிபட்டு மீண்டும் டிரெஸ்டனுக்கே வந்து சேர்ந்தார். 1706-இல் சுவீடன் நாட்டுப் படை சாக்சனியினுள் புகுந்தபோது, பகைவர் கையில் அவர் சிக்கிவிடலாகாது என்று அகஸ்டஸ் அவரைக் கோனிக்ஸ்டைன் என்னும் மலைக்கோட்டைக்கு அனுப்பினார். பொன்னைப் பூட்டி வைப்பதுபோல், பொன் செய்வான் என நம்பிய மனிதரையும் பூட்டி வைத்தனர்.

இந்நிலையில் அவருக்குத் துணையாக வந்து வாய்த்தவர் வால்டர் பான் சிர்ன்ஹவுஸ் என்னும் அறிஞர். கணிதத்தில் வல்லவர், பெரிய குழியாடிகளையும் ஒளிவில்லைகளையும் கொண்டு ஞாயிற்றின் கதிர்களை ஒரு புள்ளியில் குவித்து, சூளையில் உருகாத மண்ணையும் கல்லையும் உருக்கிப் பார்த்தவர். சீனப் பீங்கானின் இயல்பைப் பல ஆண்டுகளாக ஆராய்ந்து வந்த அவர், பெட்கரின் கூரிய அறிவு இரசவாதத்தில் வீணாவதைக் கண்டார். பொன்னை விடுத்துப் பீங்கானை நாடுமாறு அவரைத் திருப்பியவர் அவரே. சீனக் கலங்களுக்காக அகஸ்டஸ் வாரியிறைத்த செல்வத்தை நோக்கினால், பீங்கான் செய்வதும் பொன் செய்வதும் ஒன்றுதானே!

1707-ஆம் ஆண்டு முதல் டிரெஸ்டன் கோட்டைக் கொத்தளத்தின் அடியிலிருந்த நிலவறையில் வேலை நடைபெற்றது. பிரைபெர்க் சுரங்கங்களிலிருந்து வந்த தொழிலாளர் சிலர் உடன் உழைத்தனர். உலோகக் கனிகளை உருக்கிப் பழகிய அவர்களுக்குத் தீயின் தன்மை நன்கு தெரியும். ஆயினும் அந்நிலவறையின் வெம்மை அவர்களாலும் தாங்கவொண்ணாததாய் இருந்தது. தரைக்கற்கள் பழுக்கக் காய்ந்து கால்கள் கொப்புளித்ததையும், தலைமயிர் கருகியதையும் அத்தொழிலாளருள் ஒருவர் பின்னாளில் எழுதி வைத்தார்.

அவர் எழுதிய செய்திகளுள் சுவையானது ஒன்று உண்டு. ஒருநாள் அகஸ்டஸ் மன்னரே அந்நிலவறைக்கு வந்தார். ஈரச்சாக்குகளைப் போர்த்திய பணியாளர் சூளையின் வாயைத் திறந்தனர். வெண்டழலாய்க் கனன்ற கலமொன்றை பெட்கர் இடுக்கியால் வெளியே எடுத்து, அருகில் இருந்த தண்ணீர் வாளியில் போடச் செய்தார். வெடியோசை போன்ற பேரொலி எழுந்தது. கலம் உடைந்துவிட்டது என்றார் மன்னர். இல்லை, இதனை அது தாங்கித்தான் ஆகவேண்டும் என்று பெட்கர் விடையிறுத்தார். நீரினுள் கைவிட்டு எடுத்தபோது கலம் பழுதின்றி இருந்தது.

முதலில் கிடைத்தது வெண்பீங்கான் அன்று. சாக்சனியின் செம்மண்ணைக் கொண்டு செய்த சிவந்த கற்கலமே முதற்பேறு. அது மணியைப்போல் பட்டை தீட்டி மெருகிடத்தக்க கடினம் உடையதாய் இருந்தது. வெண்கலத்துக்கான வழி 1708-ஆம் ஆண்டு சனவரி 15-ஆம் நாள் தென்பட்டது. அன்று பெட்கர் தம் கையால் எழுதிய குறிப்பு ஒன்று கிடைத்துள்ளது. அதில் ஏழு கலவைகள் வரிசையாகக் குறிக்கப்பட்டுள்ளன. முதலாவது தனிக் களிமண். ஏனைய ஆறிலும் களிமண்ணோடு அலபாஸ்டர் என்னும் மென்மையான வெண்கல், பங்கு ஒவ்வொன்றாய்க் குறைத்துச் சேர்க்கப்பட்டது. ஐந்து மணி நேரம் தீயில் இருந்தபின் கண்டபோது, கல் மிகுதியாகக் கலந்த கட்டிகள் நிலைகுலைந்து கிடந்தன; இறுதி மூன்றும் வெண்மையாயும் ஒளி கசிவனவாயும் இருந்தன. பொன் செய்வோர் மந்திரம்போல் மறைத்துரைக்கும் மொழி அக்குறிப்பில் எங்கும் இல்லை. ஒரு பொருளின் அளவை மட்டும் மாற்றி, விளைவை உடனுக்குடன் குறித்துக்கொள்ளும் முறையே காணப்படுகிறது. இரசவாதி வேதியியலார் ஆகிய நாள் அதுவே எனலாம்.

அவ்வாண்டு அக்டோபரில் சிர்ன்ஹவுஸ் இறந்தார். 1709-ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் பெட்கர், சீனக் கலத்துக்கு நிகரான வெண்கலம் செய்ய வல்லேன் என்று மன்னருக்கு எழுதினார். கண்டுபிடித்த பெருமை இவ்விருவருள் யாருக்கு உரியது என்னும் வழக்கு இன்றளவும் தீரவில்லை. வழியைக் காட்டியவர் மூத்தவர். நடந்து சென்று ஊரை அடைந்தவர் இளையவர். சூளையருகே கால் கொப்புளித்து நின்ற சுரங்கத் தொழிலாளரை அவ்வழக்கில் எவரும் நினைப்பதில்லை.

1710-ஆம் ஆண்டில் அரசாணையின்படி பீங்கான் தொழிற்சாலை நிறுவப்பெற்றது. எல்பு ஆற்றங்கரையில் மைசன் நகரத்துக் குன்றின்மேல் ஓங்கி நிற்கும் ஆல்பிரெக்ட்ஸ்புர்க் கோட்டை அதற்கு இடமாயிற்று. மதில் சூழ்ந்த அக்கோட்டையைத் தேர்ந்தது மறையைக் காத்தற்பொருட்டே. களிமண்ணின் கலவையை அறிந்தவர் ஒருவர், மேற்பூசும் மெருகின் கலவையை அறிந்தவர் மற்றொருவர் என்று தொழிலறிவைப் பங்கிட்டு வைத்தனர். கோட்டையைக் காத்தவர்கள் மனிதரின் மனக்குறையைக் காக்க மறந்துவிட்டனர். கூலி பலகாலும் நிலுவையாயிற்று. வியன்னா நகரில் பீங்கான் தொழில் தொடங்க விரும்பிய தூ பாக்கியே என்பவர், மிகுந்த ஊதியம் தருவதாகக் கூறி மைசனிலிருந்து ஆட்களை அழைத்தார். ஹுங்கர் என்னும் கைவினைஞர் சென்றார். அவர்பின் 1719-இல் ஸ்டெல்சல் என்பவரும் சென்றார். ஹுங்கர் வியன்னாவினின்று வெனிசு நகருக்குப் பெயர்ந்து அங்கும் ஒரு சூளைக்குத் துணையானார். பத்தே ஆண்டுகளில் மறை மதிலைத் தாண்டிவிட்டது.

பெட்கர் 1714-இல்தான் விடுதலை பெற்றார். அதற்குள் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு மேல் கழிந்திருந்தன. நச்சுப்புகை அவர் உடலை அரித்துவிட்டது, கண்பார்வை மங்கியது, குடிப்பழக்கமும் சேர்ந்தது. 1719-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில், முப்பத்தேழாம் வயதில், அவர் உயிர் நீத்தார். ஐரோப்பிய மன்னர் அனைவரும் விரும்பிய செல்வத்தை ஆக்கித் தந்தவர் கடனாளியாகவே இறந்தார்.

அவர் கண்டது வெண்மை. அதற்கு வண்ணம் தந்தவர் யோகான் கிரெகோரியஸ் ஹெரோல்ட். 1720-இல் ஸ்டெல்சல் மனம் மாறி மைசனுக்குத் திரும்பியபோது, வியன்னாவிலிருந்து இவ்வோவியரையும் உடன் அழைத்து வந்தார். சூளையில் வெந்தபின்னும் நிறம் மாறாத வண்ணங்களை ஹெரோல்ட் ஒவ்வொன்றாக அமைத்தார். மைசன் கலங்களின் அடியில் நீல நிறத்தில் தீட்டிய இரு குறுக்குவாள் முத்திரையும் 1722-ஆம் ஆண்டு முதற்கொண்டு தோன்றலாயிற்று. பிறர் போலி செய்யாவண்ணம் சாக்சனியின் அரச இலச்சினையிலிருந்து எடுத்துக்கொண்ட அடையாளம் அது.

1731-இல் வந்து சேர்ந்த யோகான் யோவாகிம் கெண்ட்லர் சிற்பி. கலம் வனைவதற்குரிய பொருளில் உயிருருவங்களைப் படைத்தவர் அவர். டிரெஸ்டனில் ஓர் அரண்மனை முழுவதையும் பீங்கானால் நிரப்ப விரும்பிய அகஸ்டஸ், விலங்குகளையும் பறவைகளையும் இயற்கையளவிலேயே செய்யுமாறு ஆணையிட்டிருந்தார். கெண்ட்லர் அரசரது விலங்குமனையில் உயிருள்ள விலங்குகளை நேரிற்கண்டு வடித்தார். பருத்த உருவங்கள் சூளையில் சுருங்கும்போது வெடிப்புக் கண்டன. அவ்வெடிப்புக்களோடு இன்றும் அவை நிற்கின்றன. 1732-இல் செய்த ஆடு, குட்டிக்குப் பாலூட்டிக்கொண்டு திரும்பி நோக்கும் நோக்கில் உடற்பிளவு எவர் கண்ணிலும் படுவதில்லை. அமைச்சர் புரூல் பிரபுவுக்காக 1737-ஆம் ஆண்டு தொடங்கி அவர் உருவாக்கிய அன்னப்பறவை விருந்துத்தொகுதியில் கலங்கள் 2000-க்கு மேற்பட்டவை. அதன் வரைவுக்கென அரசரின் காட்சிச்சாலையிலிருந்த சிப்பிகளைக் கெண்ட்லர் ஆராய்ந்து பார்த்தார். அரசரையும் அமைச்சரையும் அன்றிச் சுரங்கத் தொழிலாளரையும், தெருவில் கூவி விற்போரையும், பல தொழில் செய்வோரையும் அவர் சாண் அளவுச் சிற்றுருவங்களாக வடித்தார்.

பீங்கான்மீது அகஸ்டஸ் கொண்ட பற்று மைசன் ஆலை நிறுவிய பின்னும் தணியவில்லை. 1717-இல் அவர் பிரஷிய மன்னரிடமிருந்து 151 சீனக் கலங்களைப் பெற்றுக்கொண்டு, தம் குதிரைப்படை வீரர் 600 பேரை விலையாக அளித்தார். அவ்வீரரைக் கொண்டு அமைந்த பிரஷியப் படைப்பிரிவுக்குப் பீங்கான் படை என்னும் பெயர் வழங்கிற்று. கலங்களுக்கு விலையான மனிதரின் கருத்தை யாரும் கேட்டதாகத் தெரியவில்லை.

வீரரைப் பெற்ற மன்னர், பெட்கரை இழந்த முதலாம் பிரெடெரிக்கின் மகன். அவருடைய மகனாகிய இரண்டாம் பிரெடெரிக் 1756-இல் சாக்சனியின்மீது படையெடுத்து மைசனையும் கைப்பற்றினார். ஆலையிலிருந்த கலங்கள் அவர் உடைமையாயின. அவ்வேழாண்டுப் போர் முடிந்த 1763-இல் மைசன் சாக்சனிக்கே மீண்டது. அதே ஆண்டில் பெர்லினில் வணிகர் ஒருவர் தொடங்கிய பீங்கான் ஆலையை இரண்டாம் பிரெடெரிக் விலைகொடுத்து வாங்கி, அதன் கலங்களுக்குச் செங்கோல் முத்திரை இட்டார். பெர்லினிலிருந்து மருந்துக்கடைப் பணியாளர் ஒருவர் எல்லை கடந்து ஓடி அப்போது அறுபத்திரண்டு ஆண்டுகள் ஆகியிருந்தன.