டெசிபெல் கணக்கு அறிவோம்

நியாயவிலைக் கடையில் கைரேகைக் கருவி இயங்குவதற்கும், பயிர்க் காப்பீட்டைச் செல்பேசியில் பதிவதற்கும் கோபுரத்தின் அலை ஊருக்குள் வந்து சேர வேண்டும். "எங்கள் ஊரில் சிக்னல் இல்லை" என்று முறையிடுவதைவிட, எந்த இடத்தில் எவ்வளவு குறைகிறது என்று எண்ணால் காட்டுவது பயன் தரும். அவ்வெண்ணைப் படிக்கும் முறையை இங்குக் காண்போம்.

கோபுரத்திலிருந்து 20 வாட் ஆற்றல் புறப்படலாம். கைக்கு வந்து சேர்வதோ ஒரு மில்லிவாட்டில் நூறு கோடியில் ஒரு பங்காக இருக்கக்கூடும். இத்தகைய எண்களைப் பெருக்குவது கடினம். ஆகவே பெருக்கலைக் கூட்டலாக மாற்றும் டெசிபெல் அளவைப் பொறியாளர்கள் கையாளுகின்றனர். அலெக்சாண்டர் கிரகாம் பெல்லின் பெயரால் 1920-களில் இது வழங்கலாயிற்று.

மனத்திற் கொள்ள வேண்டிய விதிகள் இரண்டே. ஆற்றல் பத்து மடங்கானால் 10 கூட்டுக. இரு மடங்கானால் ஏறத்தாழ 3 கூட்டுக. பத்தில் ஒன்றானால் 10, பாதியானால் 3 கழிக்க. கோபுரக் கதிர்வீச்சின் வரம்பை நடுவணரசு 2012-ஆம் ஆண்டில் பத்தில் ஒன்றாகக் குறைத்தது. அதாவது 10 டெசிபெல் குறைத்தது.

ஒரு மில்லிவாட்டைச் சுழியாகக் கொண்டு எண்ணும் அளவுக்கு டி.பி.எம். என்று பெயர். 20 வாட் என்பது 20,000 மில்லிவாட். பத்தால் நான்கு முறையும் இரண்டால் ஒரு முறையும் பெருக்கினால் இது கிடைக்கும். ஆகவே 40-உடன் 3 சேர்த்து 43 டி.பி.எம். வாய்க்காலில் நீர் கசிவதுபோல் கம்பியில் 3 டெசிபெல் குறைந்தால் 40; அது 10 வாட். ஆன்டெனா 17 கூட்டினால் 57. ஆன்டெனா புதிதாக ஆற்றலை உண்டாக்குவதில்லை. கைவிளக்கின் கிண்ணம் ஒளியைக் குவிப்பதுபோல் ஒரு திசையில் குவிக்கிறது.

இரண்டு கோபுரங்கள் 43 வீதம் அனுப்பினால் மொத்தம் 86 ஆகாது. ஆற்றல் இரட்டிப்பதால் 46 மட்டுமே.

பல செல்பேசிகளில், அமைப்புகளுக்குள் சிம் நிலை காட்டும் பக்கத்தில் இவ்வெண் தென்படும். வந்து சேரும் ஆற்றல் மில்லிவாட்டினும் மிகச் சிறிது. ஆதலால் கழித்தல் குறி இருக்கும். −90 என்பது −100 ஆனால், பத்துத்தானே குறைந்தது என்று எண்ணலாகாது. வந்த ஆற்றலில் பத்தில் ஒன்றே எஞ்சியது. −110 ஆனால் நூறில் ஒன்றே.

எனவே ஊராட்சி மன்றத்தினர் பள்ளி, நியாயவிலைக் கடை, மன்ற அலுவலகம் ஆகிய இடங்களில் இவ்வெண்ணை நாளும் நேரமும் இட்டுக் குறித்து வைத்தல் நன்று. ஒரே நிறுவனத்தின் ஒரே தலைமுறை அலையையே ஒப்பிட வேண்டும். இக்குறிப்பை இணைத்து நிறுவனத்திடம் முறையிட்டால், குறை எங்குள்ளது என்பதை எவரும் மறுப்பது அரிது.