ஆளுக்கொரு ஜாமெட்ரி பாக்ஸ்



என்னால் பிளஸ் டூ அக்கா ஒருவரின் கண்காட்சி புரோகிராம் படுத்துவிட்டது. அதைச் சொல்லிவிட்டுத்தான் பாடத்துக்கு வரணும்.

நம் லேபில் உபுண்டு 22.04. எல்லாருக்கும் ஒரே லாகின். நான் என் வேலைக்காக பிப் கொடுத்து நம்பையைப் புதுசாக்கினேன். மறுநாள் அக்காவின் மழையளவு சராசரிக் கணக்கு ஓடவே இல்லை, வெறும் எரர்! 2024 ஜூனில் வந்த நம்பை 2.0-இல் சில பழைய பெயர்களை எடுத்துவிட்டார்களாம். அக்கா எழுதியிருந்த 'ஃப்ளோட் அண்டர்ஸ்கோர்' அதில் ஒன்று. லாகின் ஒன்று என்றால் பிப் போய் வைக்கும் இடமும் ஒன்றுதான். இது எனக்கு அன்றைக்குத்தான் உறைத்தது.

வகுப்புக்கே ஒரு ஜாமெட்ரி பாக்ஸ் இருந்து, நான் அதில் காம்பஸை மாற்றி வைத்த மாதிரி. ஆளுக்கொரு பாக்ஸ் வேண்டும். பைதானில் அதற்குப் பெயர் விர்ச்சுவல் என்விரான்மென்ட். 3.3 பதிப்பிலிருந்து (2012) 'வென்வ்' கூடவே வருகிறது. ஆனால் உபுண்டுவில் 'பைதான்3-வென்வ்' பேக்கேஜைத் தனியாகப் போடணும். அதற்கு சாரிடம் கேளுங்கள், பாஸ்வேர்டு அவரிடம்தான்.

டெர்மினலில் இப்படித் தட்டணும் (ஆங்கில எழுத்தில்தான்!):

பைதான்3 -எம் வென்வ் என்பாக்ஸ்
சோர்ஸ் என்பாக்ஸ்/பின்/ஆக்டிவேட்

வரியின் முன்னால் அடைப்புக்குறிக்குள் 'என்பாக்ஸ்' என்று வந்தால் உள்ளே வந்துவிட்டீர்கள். இனி பிப் போடுவதெல்லாம் அந்த ஃபோல்டருக்குள்ளேயே போகும். அக்காவுக்கு 2-க்குக் கீழான நம்பையை இப்படித்தான் போட்டுக் கொடுத்தேன், ஓடிவிட்டது. வெளியே வர 'டீஆக்டிவேட்'. ஆக்டிவேட் செய்ய மறந்தால் பழைய கதைதான். நானே இரண்டு தரம் மறந்தேன். (2023-இல் வந்த டெபியன் 12-இல் வெளியே நின்று பிப் போட்டால் அதுவே தடுத்துவிடும். நம்முடையது தடுக்காது.)

ஒன்று கவனிக்கணும். இது பூட்டு இல்லை. அதே லாகினில் வருகிற யாரும் உங்கள் ஃபோல்டரை அழிக்கலாம். அதைப் பென்டிரைவில் தூக்கிப் போய் வீட்டில் ஓட்டவும் முடியாது, பழைய இடத்தின் முகவரி உள்ளே பதிந்திருக்கும். 'பிப் ஃப்ரீஸ்' தருகிற பட்டியலை ஒரு ஃபைலில் சேமித்துக் கொண்டுபோங்கள். வீட்டில் புது பாக்ஸ் செய்து, அந்தப் பட்டியலை 'பிப் இன்ஸ்டால் -ஆர்' என்று கொடுத்தால் எல்லாம் அதே பதிப்பில் வந்துவிடும். நெட் மட்டும் இருக்கணும்.

— 11-ஆம் வகுப்பு மாணவன், கணினி அறிவியல் பிரிவு