டோசன் கோபுரம் பார்க்கப் போகுமுன்

பல்லேபொல

அன்பு மகள் தாரணிக்கு,

பள்ளிக்கூடத்தால் கடுகண்ணாவைக்குக் கூட்டிப் போகிறார்கள் என்று அம்மா சொன்னா. கண்டியிலிருந்து பேராதனை, பிலிமத்தலாவை தாண்டி, கொழும்பு வீதி மலையிறங்கத் தொடங்கும் இடத்தில் டோசன் கோபுரம் நிற்கும். செங்கல் கட்டடம், உயரம் ஏறத்தாழ 125 அடி. உள்ளே சுழன்று ஏறும் படி பழைய மரம். ஏற விடாவிட்டால் அடம்பிடிக்காதே. முகில் இல்லாத நாளென்றால் கணவாய் வீதியிலிருந்தே பைபிள் பாறை தெரியும்.

கல்வெட்டைக் கட்டாயம் வாசி. கொழும்பு–கண்டி வீதியைத் திட்டமிட்டுப் போட்ட கெப்டன் டோசன் 1829இல் கொழும்பில் இறந்தார். அபிமானிகள் காசு சேர்த்து 1832இல் கோபுரம் எழுப்பினார்கள். அவருடைய திறமையைக் கல்வெட்டு புகழ்கிறது; அந்த மலையில் வண்டி ஏறப் பாதை கண்டவருக்கு அந்தப் புகழ் தகும்தான்.

ஆனால் பாறையை உடைத்தவர்கள் யார்? கண்டியை 1815இல் பிடித்த வெள்ளைக்காரருக்கு, 1818 கிளர்ச்சிக்குப் பிறகு பட்டாளத்தை விரைவாக மேலே ஏற்ற வீதி தேவைப்பட்டது. தேசாதிபதி பார்ன்ஸ் ராஜகாரியத்தைப் பிடித்துக்கொண்டார். காணி அனுபவிப்பதற்கு ஈடாக அரசனுக்குச் செய்துவந்த ஊழியம் அது. அதையே காட்டிச் சிங்களக் கிராமத்தவரைக் கூலியில்லாமல் வீதி வெட்ட வைத்தார்கள். ராஜகாரியம் ஒழிந்த ஆண்டும் 1832தான். அவர்கள் பெயர் ஒன்றுகூட அந்தக் கல்லில் இல்லை.

கணவாயில் இறங்கும்போது நடுவே குடைந்த பாறையைக் காட்டுவார்கள். மலையைத் துளைத்து வருபவனே கண்டியை ஆள்வான் என்றொரு ஆரூடம் இருந்ததாம். ஊர் பிடிபட்டுப் பல வருஷம் கழித்துத்தான் பாறை குடைந்தார்கள். ஆரூடம் எப்போது பிறந்திருக்கும் என்று நீயே யோசி!

இதில் நம்முடைய கதையும் உண்டு. அதே பார்ன்ஸ் பேராதனைப் பக்கம் கன்னொறுவையில் கோப்பித் தோட்டம் போட்டார். மற்றத் துரைமாரும் போட்டார்கள். மூட்டைகள் இந்த வீதியால் மாட்டுவண்டியில் கொழும்புக்கு இறங்கின. கோப்பி பறிக்க ஆள் வேண்டுமே! நம் முன்னோர் மன்னார்க் கரையில் இறங்கிக் காடு கடந்து, தம்புள்ளைப் பக்கமாக மாத்தளைக்கு நடந்து வந்தார்கள். காய்ச்சலிலும் கொலராவிலும் வழியிலேயே செத்தவர்கள் ஏராளம். நீ மாத்தளைக்கு பஸ் ஏறும் பக்கம்தான் அந்த வழி. அங்கே இப்படியொரு கோபுரம் கிடையாது.

கல்வெட்டைப் படமெடுத்தால் பக்கவாட்டில் வெயில் விழும் நேரத்தில் எடு. எழுத்து தெளிவாக விழும். எனக்கும் ஒன்று அனுப்பு.

அன்புடன்,
மாமா