கம்பியில்லா அழைப்புப் பெட்டி: அமைக்கும் முறையும் பேசும் முறையும்

(ஊவா மாகாணத்து நெல், மரக்கறிச் செய்கையாளருக்கு)

கமக்காரர்களே,

மலைநாட்டில் ஒருவர் உரத்துக் கூப்பிட்டால் எதிர்ச்சரிவில் நிற்பவருக்குக் கேட்கும். ஆயினும் அவரிடம் நடந்து செல்வதற்கு ஒரு மணி நேரம் ஆகும். வெலிமடையில் உருளைக்கிழங்கு செய்பவரும், மகியங்கனையில் நெல் விதைப்பவரும், தோட்டத்து லயன் ஓரத்தில் கோவாவும் போஞ்சியும் பயிரிடுபவரும் இதனை நன்கறிவர். மழை பெய்யும் நாளிலோ கூப்பிடு குரலும் கேளாது. பாதையும் நடக்க உதவாது.

2014 ஒக்டோபர் 29 ஆந் திகதி காலையில், கொஸ்லந்தைக்கு அண்மையிலுள்ள மீரியபெத்த தோட்டத்தில் மலை சரிந்து லயன் வரிசைகளை மூடியது. பலர் மண்ணுள் மாண்டனர். அவ்விடம் ஆபத்துடையது என்பது 2005, 2011 ஆம் ஆண்டுகளிலேயே அறிவிக்கப்பட்டிருந்தது. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலுடன் வந்த பெருமழையால் பதுளை, நுவரெலியா, கண்டி மாவட்டங்களில் மண்சரிவுகள் நேர்ந்தன. வீதிகள் அடைபட்டன, பல இடங்களில் மின்சாரமும் தொலைபேசியும் ஒருங்கே நின்றன. ஆபத்தை அறிந்திருந்தால் மட்டும் போதாது. அச்செய்தி கடைசி வீட்டின் வாசலை வேளையோடு எட்டுதல் வேண்டும் என்பதே இவை தரும் பாடம். அதற்கு உதவும் கருவிகளுள் ஒன்று கம்பியில்லா அழைப்புப் பெட்டியாகும்.

1. பெட்டி எவ்வாறு வேலை செய்கின்றது?

பேச்சை வானலையாக அனுப்பும் கருவியும், வரும் அலையைப் பேச்சாக மாற்றும் கருவியும் ஒரே பெட்டியுள் அடங்கியிருக்கும். முகப்பில் ஒரு பொத்தானும், ஒலிவாங்கியும், ஒலிபெருக்கியும் உண்டு. பொத்தானை அழுத்தினால் நீங்கள் பேசலாம். விட்டால் மற்றவர் பேசுவதைக் கேட்கலாம். இரண்டும் ஒரே வேளையில் நிகழா.

கைத்தொலைபேசியின் பேச்சு ஒரு கோபுரத்தின் வழியாகவே செல்லும். கோபுரத்துக்கு மின்சாரம் அற்றுப்போய், அங்குள்ள மின்கலமும் தீர்ந்தால், நல்ல தொலைபேசியும் பயன் தராது. அழைப்புப் பெட்டியோ மறுமுனையிலுள்ள கருவியுடன் நேரே பேசுகின்றது. இடையில் வேறெவரும் வேண்டியதில்லை. 2004 டிசம்பர் 26 இல் கடல்கோள் வந்தபின், தொலைபேசி அறுந்த அம்பாந்தோட்டையிலிருந்து கொழும்புக்குச் செய்தி அனுப்ப உதவியோர் வானொலிப் பொழுதுபோக்காளர்களே. அவர்களுடைய கருவிகள் மோட்டார் வண்டி மின்கலத்தால் இயங்கின.

2. முதலில் அனுமதி பெறுக

வானலை பொதுச் சொத்தாகும். 1991 ஆம் ஆண்டின் 25 ஆம் இலக்க இலங்கைத் தொலைத்தொடர்புகள் சட்டத்தின்படி, தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவின் அனுமதிப்பத்திரமின்றி இத்தகைய கருவியை வைத்திருத்தலும் இயக்குதலும் ஆகா. மலிவாகக் கிடைக்கும் கைக்கருவிகளை வாங்கித் தோன்றிய அலைவரிசையில் பேசுதல் குற்றமாவதோடு, பொலிசார், நோயாளர் வண்டி, வானூர்தி முதலியவற்றின் பேச்சைக் குழப்பவும் கூடும். எனவே தனியாளாக முயலாது, கமக்காரர் அமைப்பு அல்லது தோட்ட நிருவாகத்தின் வழியாக விண்ணப்பித்தல் நன்று. எந்த அலைவரிசை, எவ்வளவு வலு என்பன அனுமதிப்பத்திரத்திற் குறிக்கப்படும். அதற்கேற்ற பெட்டியையே வாங்குக.

3. இடந் தெரிதல்

இவ்வகை அலைகள் பெரும்பாலும் நேர்கோட்டிற் செல்வன. மழையும் மூடுபனியும் இவற்றை அதிகம் தடுப்பதில்லை, மலைமுகடே பெருந்தடையாகும். ஊவா மலைநாட்டின் தென் விளிம்பில் அப்புத்தளை மலைத்தொடர் நிற்கின்றது. அதற்கு வடக்கே பண்டாரவளையில் உள்ள ஒரு கருவி, தெற்கே பள்ளத்திலுள்ள கொஸ்லந்தையை எளிதில் எட்டாது. ஆனால் ஒரு பள்ளத்தாக்கின் இரு எதிர்ச்சரிவுகள், பல கட்டை தூரம் நடக்கவேண்டியவையாயினும், நன்கு பேசிக்கொள்ளும். முகடு இடையிட்டால், உயரமான இடத்தில் ஒரு மறுபரப்பி நிலையம் வேண்டும். அதற்குத் தனி அனுமதி தேவை.

கம்பம் நடுவதற்கு முன் நடந்து சோதித்தல் அவசியம். அனுமதி பெற்ற இரண்டு கைக்கருவிகளை எடுத்துக்கொள்க. ஒருவர் கேட்கும் நிலையத்தில் இருக்க, மற்றவர் பெட்டி வைக்கக் கருதும் ஒவ்வோரிடத்திலும் நின்று ஒன்று முதல் பத்து வரை எண்ணுக. தெளிவாகக் கேட்டவை எத்தனை என்பதைக் கொப்பியில் எழுதுக. ஓரிடத்தில் கேட்காவிடின், இரண்டு அடி தள்ளி நின்று மீண்டும் எண்ணுக. சில வேளைகளில் அவ்வளவு மாற்றமே போதுமானதாகும்.

பெட்டியை ஆபத்தான சரிவிலோ, ஓடைக் கரையிலோ வைத்தலாகாது. மக்கள் ஒதுங்கிச் செல்லும் பாதையில், உறுதியான நிலத்தில் வைக்க வேண்டும். தோட்டத்தில் பிரட்டுக்களமும் கொழுந்து மடுவமும், வயல்வெளியில் அணைக்கட்டுக்கு மேலுள்ள மேட்டு நிலமும் பெரும்பாலும் பொருத்தமானவை. இரவிலும் கைக்கு எட்டக்கூடியதாகவும், பூட்டின்றித் திறக்கக்கூடியதாகவும் இருத்தல் வேண்டும்.

4. கம்பமும் ஏரியலும்

ஏரியல் கூரைத் தகரத்துக்கு மேலே உயர்ந்து நிற்க வேண்டும். தகரத்தின் கீழோ, மரக்கிளைகளின் நடுவிலோ வைத்தால் வலு வீணாகும். ஏரியலின் நீளம் அலைவரிசையைப் பொறுத்தது. 150 மெகாஹேர்ட்ஸ் அலையின் நீளம் 2 மீற்றர்; அதன் காற்பங்கு ஏரியல் 50 சென்ரிமீற்றர். 450 மெகாஹேர்ட்ஸாயின் அது ஏறக்குறைய 17 சென்ரிமீற்றர். ஆகவே முறிந்த ஏரியலுக்குப் பதிலாகக் கைக்கெட்டிய கம்பியைச் செருகாதீர்கள். ஏரியல் இல்லாமற் பொத்தானை அழுத்தினால் கருவியே பழுதாகலாம்.

ஏரியலைச் செங்குத்தாக நிறுத்துக. மறுமுனையில் உள்ளதும் செங்குத்தாகவே இருத்தல் வேண்டும். ஏரியல் வடத்தின் இணைப்புகளில் நீர் புகாதபடி இறப்பர் நாடா சுற்றுக. வடம் பெட்டியுள் நுழையுமுன் கீழ்நோக்கி ஒரு வளைவு விட்டால், மழைநீர் வளைவின் அடியிற் சொட்டிவிடும்.

மார்ச், ஏப்ரிலிலும், ஒக்டோபர், நவம்பரிலும் நம் மலைகளில் இடிமுழக்கம் மிகுதி. இரும்புக் கம்பத்தைத் தடித்த செப்புக் கம்பியால் நிலத்திற் பதித்த கோலுடன் இணைத்து, ஏரியல் வடத்துக்கு மின்னற் காப்பும் பூட்டுக. இதனைத் தேர்ந்த மின்வினைஞரைக் கொண்டு செய்வித்தல் வேண்டும். இவை இருப்பினும், இடி அண்மையில் முழங்கும்போது பெட்டியைத் தொடாதிருப்பதே அறிவுடைமை.

5. மின்கலக் கணக்கு

பெட்டி எப்போதும் கேட்டுக்கொண்டிருப்பதாயின், 12 வோல்ற்று மின்கலமும் சூரியத் தகடும் வேண்டும். கணக்கிடும் முறையை ஓர் உதாரணத்தாற் காண்க. கேட்கும்போது 0.1 அம்பியரும், பேசும்போது 1.5 அம்பியரும் செலவாகும் கருவியொன்றைக் கொள்வோம்.

24 மணி நேரம் கேட்க: 2.4 அம்பியர்-மணி.
20 நிமிடம் பேச: 0.5 அம்பியர்-மணி.
ஒரு நாட் செலவு: ஏறக்குறைய 3 அம்பியர்-மணி.

மழைக்காலத்தில் மூன்று நாள் வெயிலே வராதிருக்கலாம். அதற்கு 9 அம்பியர்-மணி வேண்டும். ஈயக் கலத்தைப் பாதிக்கு மேல் இறங்கவிட்டால் அதன் ஆயுள் குறையுமாதலால், 18 அம்பியர்-மணி அல்லது அதற்கு மேற்பட்ட கலத்தை வாங்குக. சூரியத் தகடு 40 வாற்று அளவினதாயின் முகிற் காலத்துக்கும் உதவும். அதனைத் தெற்கு நோக்கிச் சிறிது சாய்த்து வைத்தால் மழையே தூசியைக் கழுவிவிடும். மாதம் ஒருமுறை மின்முனைகளிற் பூத்த பூஞ்சணத்தைத் துடைத்து, எறும்புக் கூடு உண்டா என்றும் பார்க்க.

6. பேசும் முறை

ஒவ்வொரு பெட்டிக்கும் குறுகிய பெயரொன்று இடுக: மேற்கணக்கு, கீழ்க்கணக்கு, அணை, மடுவம் என்பன போன்று. பொத்தானை அழுத்தியவுடன் பேசத் தொடங்கினால் முதற்சொல் அறுந்துபோகும். அழுத்தி, ஒரு நொடி பொறுத்து, வாயை ஒரு சாண் தூரத்தில் வைத்து, வழமையான குரலிற் பேசுக. கத்தினால் சொல் சிதையும். முன்னர் யாரை அழைக்கின்றீர் என்பதையும், பின்னர் நீர் யார் என்பதையும் கூறுக. எண்களை இருமுறை சொல்லுக. உதாரணம்:

“நிலையம், நிலையம், இது மேற்கணக்கு. பதில் தருக.”

“மேற்கணக்கு, இது நிலையம். சொல்லுக.”

“மழைமானி எண்பத்திரண்டு மில்லிமீற்றர். எட்டு, இரண்டு. ஓடை கலங்கல். பதில் தருக.”

“எட்டு, இரண்டு. ஓடை கலங்கல். எழுதிக்கொண்டேன்.”

கேட்டவர் செய்தியைத் திருப்பிச் சொல்லும் வரை செய்தி சேர்ந்ததாகக் கொள்ளலாகாது.

நம் மாகாணத்தில் பெட்டியின் ஒரு முனையில் தமிழ் பேசுபவரும், மறுமுனையில் சிங்களம் பேசுபவரும் இருத்தல் இயல்பு. ஆகவே இன்றியமையாத பத்துச் சொற்களையும், ஒன்று முதல் பத்து வரையான எண்களையும் இருமொழியிலும் எழுதிப் பெட்டியின் கதவில் ஒட்டுக. மண்சரிவைச் சிங்களத்தில் ‘நாயயாம’ என்பர். நீரை ‘வத்துர’ என்பர். அவ்வேளையில் இச்சொல் விளங்காமற் போனால் வேறு எந்தத் திறமையும் உதவாது.

7. நாள்தோறும் பேசுக

இத்துண்டுப்பிரசுரத்தின் முதன்மையான அறிவுரை இதுவே: நாள்தோறும் பேசாத பெட்டி ஆபத்து நாளிலும் பேசாது. மின்கலம் தீர்ந்ததும், ஏரியல் முறிந்ததும், கேட்பவர் வேறிடம் மாறிச் சென்றதும் அன்றுதான் தெரியவரும்.

எனவே பெட்டியை அன்றாடத் தொழிலுடன் பிணைத்துவிடுக. காலைப் பிரட்டுக்கு முன் ஒவ்வொரு பெட்டியும் நிலையத்தை அழைத்து மழைமானி அளவைக் கூறட்டும். அணையிலுள்ளவர் மதகு திறக்கும் வேளையைக் கூறினால், கீழ்வயற்காரர் வீணே நடக்க வேண்டியதில்லை. மரக்கறி ஏற்றும் லொறி பிந்துமாயின், அறுவடையைச் சிறிது தள்ளிப்போடலாம். குளிரும் மூடுபனியும் தொடர்ந்து, உருளைக்கிழங்கு இலையில் கருகற் புள்ளி கண்டால், அயல் வயல்களுக்கு அன்றே அறிவிக்கலாம். மகியங்கனைப் பக்கத்தில் யானை வரவையும் இவ்வாறே அறிவிக்கலாம். தமிழ்நாட்டில் வால்பாறைத் தேயிலைத் தோட்டங்களில், யானை அண்மையில் உள்ளது என்பதைக் குறுஞ்செய்தியாலும், உயரத்தில் அமைத்த செவ்விளக்காலும் அறிவிக்கின்றனர். விளக்கை எரியச் செய்வோர் அவ்வூரவரே. அதனாலேயே அது நின்று நிலைக்கின்றது.

ஒவ்வொரு முனைக்கும் இருவரைப் பொறுப்பாக்குக. ஒருவர் ஊரில் இல்லாதபோது மற்றவர் கேட்பார். அவர்களுள் ஒருவரேனும் பகலில் லயனிலேயே இருப்பவராதல் நன்று.

8. ஆபத்து வேளையில்

தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவுக்குக் கூறும் மழை அளவுகள் இவை: 24 மணி நேரத்தில் 75 மில்லிமீற்றரைக் கடந்தால் விழிப்பாயிருத்தல், 100 ஐக் கடந்தால் வெளியேற ஆயத்தமாதல், 150 ஐக் கடந்தால், அல்லது ஒரே மணி நேரத்தில் 75 ஐக் கடந்தால், வெளியேறுதல். மேலே கண்ட உதாரணத்தில் 82 என்ற எண் விழிப்புக்குரியதாகும். அன்றிரவு நிலையத்தில் ஒருவர் உறங்காது கேட்டிருக்க வேண்டும்.

மழை அளவு குறைவாயினும், நிலத்திலோ சுவரிலோ புதிய வெடிப்பு, கதவு திடீரென இறுகுதல், மரமும் கம்பமும் சாய்தல், புதிய ஊற்றுத் தோன்றுதல், இருந்த ஊற்று வற்றுதல், தெளிந்த நீர் கலங்குதல் ஆகியவற்றுள் ஒன்றைக் கண்டாலும் தாமதியாதீர்கள். முதலில் பிள்ளைகளையும் முதியோரையும் அழைத்துக்கொண்டு வெளியேறுக. பெட்டி உங்கள் பாதையில் இருந்தாற் பேசுக. பேசுவதற்காகச் சரிவை நோக்கித் திரும்பி ஓடாதீர்கள்.

ஆபத்து அழைப்பு வந்ததும் ஏனையோர் எல்லாரும் பேச்சை நிறுத்தி அலைவரிசையை விட்டுக்கொடுத்தல் வேண்டும். நிலையத்திலிருப்பவர் செய்தியைக் கிராம உத்தியோகத்தருக்கும், தொலைபேசி இயங்குமாயின் அனர்த்த முகாமைத்துவ நிலையத்துக்கு 117 என்ற இலக்கத்திலும் அறிவிக்க வேண்டும். வேடிக்கைக்காகப் பொத்தானை அழுத்துதல் எத்தகைய கேட்டை விளைக்கும் என்பதைப் பிள்ளைகளுக்கு எடுத்துரைக்க.

கமக்காரர்களே! நெல்லுக்கு நீர் பார்ப்பது போலப் பெட்டிக்கும் நாள்தோறும் பார்வை வேண்டும். ஒரு காலையில் மேற்கணக்கிலிருந்து அழைப்பு வராவிட்டால், ‘மறந்திருப்பர்’ என்று இராது, ஒருவரை அனுப்பிப் பார்க்க. வராத அழைப்பும் ஒரு செய்தியே.

மேலும் விளக்கம் வேண்டுவோர் தத்தம் பகுதி விவசாயப் போதனாசிரியரைக் கமநல சேவை நிலையத்தில் கண்டு பேசுக.