இழந்த நன்மதிப்பை மீட்போம்

"வருந்துகிறோம், உங்கள் வீட்டுக்கடன் விண்ணப்பம் ஏற்றுக்கொள்ளப்படவில்லை."

வங்கியிலிருந்து வந்த கடிதத்தை அந்த இளைஞர் இரண்டு முறை வாசித்தார். அவர் பினாங்கில் ஒரு தொழிற்சாலையில் தொழில்நுட்பராகப் பணிபுரிபவர். மாதச் சம்பளம் 2,600 ரிங்கிட். பதினைந்து ஆண்டுகளாகக் குடும்பத்தோடு வாழ்ந்துவரும் வாடகை வீட்டை அதன் உரிமையாளர் விற்கப்போகிறார். அவ்வீட்டைத் தானே வாங்கி அம்மாவின் பெயரில் வாசல் பலகை மாட்ட வேண்டும் என்பது அவரது கனவு. நிரந்தர வேலை இருந்தும் வங்கி ஏன் மறுத்தது?

மாணவர்களே, இது கற்பனைக் கதைதான். இருப்பினும், இதில் வரும் சிக்கல் நம் நாட்டில் பலர் எதிர்நோக்கும் ஒன்றாகும். வாருங்கள், காரணத்தை அறிவோம்.

நாம் வங்கியில் கடன் கேட்கும்போது, வங்கி நம் சம்பளத்தை மட்டும் பார்ப்பதில்லை. முன்பு வாங்கிய கடனை எப்படிச் செலுத்தினோம் என்பதையும் பார்க்கிறது. இதற்கு உதவுவது 'சிசிரிஸ்' எனப்படும் கடன் தகவல் முறை. மலேசிய மத்திய வங்கியான பேங்க் நெகாரா இதனை நிருவகிக்கிறது. நமக்குள்ள கடன்கள், அவற்றில் எஞ்சியுள்ள தொகை, அண்மையில் செய்த கடன் விண்ணப்பங்கள் ஆகியவை அதில் இருக்கும். கடந்த 12 மாதங்களில் தவணையைச் செலுத்திய விதமும் அதில் கட்டம் கட்டமாகப் பதிவாகியிருக்கும். தவணை பாக்கியில்லை என்றால் '0' என்றும், இரண்டு மாதப் பாக்கி என்றால் '2' என்றும் காட்டும். சிடோஸ் போன்ற தனியார் கடன் அறிக்கை நிறுவனங்களும் உள்ளன. சிடோஸ் 300 முதல் 850 வரை புள்ளி வழங்குகிறது. புள்ளி கூடினால் நம்பகத்தன்மையும் கூடும்.

அந்த இளைஞர் தம் சிசிரிஸ் அறிக்கையைக் கட்டணமின்றிப் பெற்றுப் பார்த்தார். உண்மை உள்ளங்கை நெல்லிக்கனியெனத் தெரிந்தது. தந்தையார் மருத்துவமனையில் இருந்தபோது மிகைநேர வேலைக்குச் செல்ல இயலவில்லை. அதனால் மோட்டார் சைக்கிள் தவணை மூன்று மாதம் பாக்கியானது. அதை யாரும் குறைகூற இயலாது. ஆனால், கடனட்டையில் சேர்ந்திருந்த 8,000 ரிங்கிட்டின் கதை வேறு. புதிய கைப்பேசி, விடுமுறைப் பயணம், நண்பர்களுக்கு விருந்து எனச் சிறுகச் சிறுகச் சேர்ந்த கடன் அது.

'மாதாமாதம் குறைந்தபட்சத் தொகையைச் செலுத்திக்கொண்டுதானே இருந்தேன்?' என்று அவர் எண்ணினார். கணக்கைப் பார்ப்போம். ஆண்டுக்கு 18 விழுக்காடு வட்டி என்றால், 8,000 ரிங்கிட்டுக்கு ஒரு மாத வட்டி 120 ரிங்கிட். குறைந்தபட்சத் தொகை 5 விழுக்காடு, அதாவது 400 ரிங்கிட். அதில் வட்டி போக, கடனில் கழிவது 280 ரிங்கிட் மட்டுமே. அதே மாதத்தில் அவர் அட்டையைக் கொண்டு 300 ரிங்கிட்டுக்குப் பொருள் வாங்கினால், கடன் 8,020 ரிங்கிட்டாக உயர்ந்துவிடும். ஓட்டைக் குடத்தில் நீர் நிறைப்பதற்கு ஒப்பானது இது.

கூடுதல் நேர வேலை மீண்டும் கிடைத்தது. ஆனால், எங்கிருந்து தொடங்குவது என்று தெரியவில்லை. நண்பர் ஒருவரின் ஆலோசனைப்படி அவர் ஏ.கே.பி.கே. அலுவலகத்திற்குச் சென்றார. கடன் சுமையில் தவிப்போருக்கு உதவ 2006ஆம் ஆண்டில் பேங்க் நெகாரா அமைத்த நிறுவனம் அது. அங்கு ஆலோசனை இலவசம்.

"என் பெயரைக் கறுப்புப் பட்டியலில் சேர்த்துவிட்டார்களா, மேடம்?" என்று தயங்கியபடியே கேட்டார்.

"இல்லை தம்பி. சிசிரிஸ் கறுப்புப் பட்டியல் அன்று. நீங்கள் செய்ததை அது அப்படியே காட்டுகிறது. கடன் கொடுப்பதா வேண்டாமா என்பதை வங்கிதான் முடிவு செய்யும்," என்றார் ஆலோசகர்.

"ஐந்நூறு ரிங்கிட் கொடுத்தால் பதிவை அழித்துத் தருவதாக ஒருவர் சொன்னாரே?"

"நம்பாதீர்கள். உண்மையான பதிவைப் பணம் வாங்கிக்கொண்டு யாராலும் அழிக்க முடியாது. பதிவில் தவறு இருந்தால், கடன் கொடுத்த வங்கியிடமே திருத்தக் கோரலாம். சரியான பதிவை மாற்றும் வழி ஒன்றுதான். இனிவரும் கட்டங்களை நீங்களே '0' ஆக்க வேண்டும்."

அன்றே இருவரும் வரவு செலவுக் கணக்கை எழுதினர். முதலாவதாக, மோட்டார் சைக்கிள் தவணைப் பாக்கியைத் தீர்க்க வேண்டும். அதற்காக அவர் தம் விலையுயர்ந்த கைப்பேசியை விற்றார். இரண்டாவதாக, கடனட்டையை இனிப் பயன்படுத்தக்கூடாது. மூன்றாவதாக, குறைந்தபட்சத் தொகையோடு நின்றுவிடாமல் மாதம் 500 ரிங்கிட் செலுத்த வேண்டும். நான்காவதாக, பல வங்கிகளில் ஒரே சமயத்தில் கடன் கேட்கக்கூடாது. அவ்விண்ணப்பங்களும் அறிக்கையில் தெரியும். கடனை அடைக்க வட்டி முதலைகளிடம் போவது கிணற்றுக்குத் தப்பித் தீயில் விழுவதாகும் என்றும் ஆலோசகர் எச்சரித்தார். கடன் இதைவிட அதிகமாகி, வருமானம் போதாத நிலை ஏற்பட்டிருந்தால், வங்கிகளோடு பேசித் தவணையை மாற்றியமைக்கும் கடன் நிருவாகத் திட்டத்தில் அவர் சேர்ந்திருக்கலாம்.

நான்காம் மாதத்தில் அவர்கள் குடியிருந்த வீடு வேறொருவருக்கு விற்கப்பட்டது. பொருள்களைக் கட்டிக்கொண்டிருந்த அம்மா, "போனால் போகட்டும்பா. நீ கட்டுவதை நிறுத்திவிடாதே," என்று மட்டும் கூறினார். அச்சொல் அவர் நெஞ்சில் ஆழப் பதிந்தது. சம்பளம் வந்த நாளிலேயே தவணைகளைச் செலுத்தினார். உணவைக் கட்டிக்கொண்டு வேலைக்குச் சென்றார். அவசரத் தேவைக்கென மாதம் 50 ரிங்கிட்டைத் தனியே சேமித்தார்.

பத்தொன்பதாம் மாதத்தில் கடனட்டைக் கணக்கு முற்றாகத் தீர்ந்தது. அதற்குள் அவர் செலுத்திய வட்டி மட்டும் ஆயிரம் ரிங்கிட்டுக்கும் மேல். மோட்டார் சைக்கிள் தவணையில் பாக்கி இருந்த பழைய மாதங்கள் 12 மாதக் கணக்கிலிருந்து விலகிவிட்டன. எல்லாக் கட்டங்களிலும் '0' நின்றது. பள்ளியில் பூஜ்யம் வாங்கினால் வருந்துவோம். சிசிரிஸ் அறிக்கையில் அதுவே முழுமதிப்பெண்!

இரண்டு ஆண்டுகளுக்குப் பின்னர் அவர் மீண்டும் விண்ணப்பித்தார். இம்முறை கடன் கிடைத்தது. வாங்கிய வீடு தொழிற்சாலையிலிருந்து சற்றுத் தொலைவில் உள்ளது. பழைய வீட்டைவிடச் சிறியது. அம்மா வளர்த்த கறிவேப்பிலை மரம் பழைய வீட்டிலேயே நின்றுவிட்டது. நன்மதிப்பை மீட்க முடிந்தது. தவறிப்போன வாய்ப்பை மீட்க முடியவில்லை.

மாணவர்களே, 'ஆற்றில் போட்டாலும் அளந்து போடு' என்பர் நம் முன்னோர். இன்னும் சில ஆண்டுகளில் உங்களுக்கும் கல்விக்கடனோ கடனட்டையோ மோட்டார் சைக்கிள் கடனோ தேவைப்படலாம். கடன் வாங்குவது குற்றமன்று. கையொப்பமிடுமுன் மாதத் தவணையை அளந்து பாருங்கள். நண்பரின் கடனுக்குப் பிணை நிற்பதும் உங்கள் பொறுப்பாகிவிடும் என்பதை மறவாதீர்கள். தவணை செலுத்த இயலாத நிலை வந்தால், ஒளிந்துகொள்ளாமல் வங்கியிடம் முன்கூட்டியே பேசுங்கள். கொடுத்த வாக்கைக் காப்பவருக்கே நன்மதிப்பு நிலைக்கும்.

சிந்தித்து விடையளிக்கவும்

1. இளைஞரின் வீட்டுக்கடன் விண்ணப்பம் மறுக்கப்பட்டதற்கான இரண்டு காரணங்களை எழுதுக.

2. குறைந்தபட்சத் தொகையைச் செலுத்தியும் கடன் குறையாததை ஆசிரியர் 'ஓட்டைக் குடம்' என்று ஒப்பிட்டது ஏன்?

3. "நீ கட்டுவதை நிறுத்திவிடாதே" என்ற கூற்றின்வழி அம்மாவின் பண்புநலன் இரண்டனைக் குறிப்பிடுக.

4. உன் அண்ணன் நண்பரின் கடனுக்குப் பிணை நிற்க எண்ணுகிறார். அவருக்கு நீ கூறும் ஆலோசனை யாது?