கோழிக்கு ஊசி போடுகிறார்களா?

"பண்ணைக் கோழியெல்லாம் ஊசி போட்ட கோழி. பெண் பிள்ளைகளுக்குக் கொடுக்காதீர்கள், சீக்கிரம் வயதுக்கு வந்துவிடுவார்கள்." கிள்ளான் சந்தையிலும் பிரிக்ஃபீல்ட்ஸ் சாப்பாட்டுக் கடைகளிலும் இப்பேச்சைக் கேளாதவர் நம்மில் மிகச் சிலரே. தமிழ்ப்பள்ளியில் ஆறாண்டு பயின்று, பின்னர் தேசிய இடைநிலைப்பள்ளியில் மலாயில் அறிவியல் கற்று, இன்று கால்நடை அறிவியல் பயிலும் என்னிடம் உறவினர்கள் அடிக்கடி கேட்கும் கேள்வியும் இதுவே. மலாயில் விடை சொல்வது எனக்கு எளிது. ஆனால், கேட்பவர்கள் அத்தைமாரும் பாட்டிமாரும் ஆயிற்றே! ஆகவே தமிழிலேயே எழுத முனைந்தேன். கோழி நம் எளிய குடும்பங்களுக்குக் கட்டுப்படியாகும் புரத உணவு. வளரும் பிள்ளையின் தட்டிலிருந்து அதை எடுக்குமுன், காரணம் மெய்யானதா என்று பார்க்க வேண்டாமா?

கட்டளையும் சரக்கும்

ஹார்மோனைத் தமிழில் இயக்குநீர் என்பர். சுரப்பிகள் இரத்தத்தின் வழி அனுப்பும் கட்டளை அது. கோழியின் மூளைக்கடியில் உள்ள பிட்யூட்டரிச் சுரப்பி வளர்ச்சி ஹார்மோனைச் சுரக்கிறது. அது கல்லீரலை அடைந்ததும், கல்லீரல் ஐஜிஎஃப்-1 என்னும் மற்றொரு ஹார்மோனை உண்டாக்குகிறது. எலும்பும் தசையும் வளர்வதில் இதற்குப் பெரும் பங்குண்டு. உடல் எவ்வளவு வேகமாக ஆற்றலைச் செலவிடுவது என்பதைத் தைராய்டு ஹார்மோன் நெறிப்படுத்துகிறது.

இனி ஒரு வியப்பைக் கேளுங்கள். பட்டினி கிடக்கும் கோழியின் இரத்தத்தில் வளர்ச்சி ஹார்மோன் குறைவதில்லை, கூடுகிறது! ஆயினும் கோழி வளர்வதில்லை. காரணம், உணவு வராதபோது கல்லீரல் அக்கட்டளைக்குச் செவிசாய்ப்பதில்லை, ஐஜிஎஃப்-1 இறங்கிவிடுகிறது. தைராய்டு ஹார்மோனின் வீரியமிக்க வடிவமான டி3யும் குறைகிறது. கொத்தனாருக்கு எத்தனை முறை உத்தரவிட்டாலும் செங்கல் இல்லாமல் சுவர் எழும்புமா? ஹார்மோன் கட்டளை என்றால், தீவனம் சரக்கு. ஒன்றில்லாமல் மற்றொன்று பயனற்றது.

ஊசியால் ஆகுமா?

வளர்ச்சி ஹார்மோன் 191 அமினோ அமிலங்கள் கோத்த ஒரு புரதம். அதைத் தீவனத்தில் கலந்தால் மற்றப் புரதங்களைப்போல் செரித்துப் போகும். ஊசியாகப் போட்டாலோ, இரத்தத்தில் நெடுநேரம் தங்காது. திரும்பத் திரும்பப் போட வேண்டும். ஆயிரக்கணக்கான கோழிகள் உள்ள கொட்டகையில் ஒவ்வொன்றாகப் பிடித்து நாள்தோறும் யார் ஊசி போடுவது? ஆய்வகத்தில் போட்டுப் பார்த்தபோதும் பண்ணைக் கோழியின் வளர்ச்சி குறிப்பிடத்தக்க அளவு கூடவில்லை. குஞ்சு பொரிப்பகத்தில் ஊசி போடுவது உண்டு. அது மாரெக் போன்ற நோய்களுக்கான தடுப்பூசி.

பின் எப்படி 35 நாளில்?

ஏறக்குறைய 40 கிராம் எடையுடன் பொரியும் குஞ்சு ஐந்து வாரத்தில் சுமார் இரண்டு கிலோ ஆகிறது. இதன் இரகசியம் இனப்பெருக்கத் தேர்வு. கனடாவின் ஆல்பர்ட்டா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 1957, 1978, 2005ஆம் ஆண்டுகளின் கோழி வகைகளை ஒரே தீவனத்தில் வளர்த்து, முடிவை 2014இல் வெளியிட்டனர். 56ஆம் நாளில் அவற்றின் சராசரி எடை முறையே 905 கிராம், 1808 கிராம், 4202 கிராம். தீவனம் ஒன்றே, கோழிதான் வேறு. 2003இல் வெளிவந்த ஓர் அமெரிக்க ஆய்வு, இம்மாற்றத்தில் 85 முதல் 90 விழுக்காடு மரபணுத் தேர்வினால் வந்தது என்றும், எஞ்சியது தீவனத்தால் வந்தது என்றும் கணித்தது. நம் வீட்டுக் கம்பத்துக் கோழிக்குப் பண்ணைத் தீவனத்தையே போட்டாலும் அது இவ்வேகத்தில் வளராது.

புகை எங்கிருந்து வந்தது?

இந்த அச்சத்துக்கு ஒரு வேர் உண்டு. அமெரிக்காவில் 1947 முதல் டிஇஎஸ் என்னும் செயற்கைப் பெண்மை ஹார்மோனை வில்லையாகச் சேவல்களின் கழுத்துத் தோலுக்கடியில் பதித்தார்கள். 1959இல் கோழிகளுக்கு அது நிறுத்தப்பட்டது. மாடுகளின் கதை வேறு. இறைச்சி மாடுகளுக்கு ஹார்மோன் வில்லை பதிப்பது அமெரிக்காவில் இன்றும் சட்டப்படி நடக்கிறது. ஐரோப்பா அதை ஏற்பதில்லை. நம் நாட்டில் 2009ஆம் ஆண்டுத் தீவனச் சட்டத்தின்கீழ், 2012இல் வந்த விதிமுறைகள் தீவனத்தில் சேர்க்கக்கூடாத ஹார்மோன்களையும் நோயுயிர் எதிர்ப்பு மருந்துகளையும் வரையறுக்கின்றன.

கவலைப்பட வேண்டியவை

ஊசி இல்லை என்பதால் குறையே இல்லை என்று கொள்ளலாகாது. வேகமாகப் பெருக்கும் உடலைத் தாங்க முடியாமல் கோழியின் காலும் இதயமும் நலிவதுண்டு. அளவின்றி எதிர்ப்பு மருந்து கொடுத்தால் மருந்துக்கு அடங்காத கிருமிகள் பெருகும். மனிதருக்குக் கடைசித் துணையாகும் கொலிஸ்டின் மருந்தைத் தீவனத்தில் சேர்ப்பதை மலேசியா 2019இல் தடை செய்தது இதனால்தான்.

பெண் பிள்ளைகள் முன்கூட்டியே பூப்படைவது பல நாடுகளில் காணப்படும் உண்மை. உடற்கொழுப்பு கூடிய சிறுமிகளிடம் அது மிகுதி என்பதையும் ஆய்வுகள் காட்டுகின்றன. கொழுப்புத் திசு சுரக்கும் லெப்டின் என்னும் ஹார்மோன், உடலில் சேமிப்பு போதுமானதா என்பதை மூளைக்கு அறிவிக்கிறது. கோழிக்குச் சொன்ன பாடம் நமக்கும் பொருந்துகிறதல்லவா? உணவுதான் ஹார்மோனை ஆட்டி வைக்கிறது. எனவே தாய்மார்களே, பிள்ளைக்குக் கோழிக் குழம்பை மறுக்க வேண்டாம். மாவில் தோய்த்துப் பொரித்த கோழியையும் அதனுடன் வரும் பெரிய குவளை இனிப்புப் பானத்தையும் குறையுங்கள். தேட வேண்டியது ஊசியை அன்று, தட்டில் சேரும் அளவை.