சீழுக்கு வயது ஆறு வாரம்

கேள்வி: எங்கள் ஊர் திருக்கழுக்குன்றம். அப்பாவுக்கு 56 வயது, சர்க்கரை உண்டு. மலையடிவாரத்தில் அம்மாவோடு பூக்கடை வைத்திருக்கிறார். ஒன்றரை மாதமாகக் காய்ச்சலும் இருமலும். நெஞ்சில் நீர் கோத்திருக்கிறது என்று ஊசி போட்டு எடுத்தபோது சீழாக வந்தது. டிபி என்று உறுதி செய்து மாத்திரை கொடுக்கிறார்கள். டியூப் போட்டு 12 நாள் ஆகியும் நுரையீரல் விரியவில்லை. ‘திறந்துதான் ஆபரேஷன் செய்ய வேண்டும்’ என்கிறார் ஒரு மருத்துவர். சென்னையில் ஒரு தனியார் மருத்துவமனையில், துளை போட்டே செய்யலாம் என்றார்கள். இருக்கிற நிலத்தை விற்றாவது துளை ஆபரேஷனே செய்துவிடலாமா? திறந்தால் அப்பா தாங்குவாரா? மறுபடி மலை ஏறுவாரா?

பதில்: நிலத்தை விற்கும் பேச்சை இப்போதைக்கு எடுக்காதீர்கள், அம்மா. உங்கள் கடிதத்தில் எனக்கு முக்கியமாகப் பட்ட சொல் ‘ஒன்றரை மாதம்’. எந்த ஆபரேஷன் என்பதைப் பெரும்பாலும் அதுதான் தீர்மானிக்கிறது.

நுரையீரலைச் சுற்றி இரண்டு மெல்லிய சவ்வுகள் உண்டு. நடுவில் ஈரம் காக்கும் அளவுக்குத்தான் நீர் இருக்க வேண்டும். அங்கே சேரும் சீழ் முதல் சில நாட்களில் கஞ்சித் தண்ணீர் போல ஓடும். டியூப் போட்டால் வடிந்துவிடும். இரண்டு மூன்று வாரமானால் நூலாம்படை பின்னியது போல அறை அறையாகப் பிரிந்துகொள்ளும். துளை ஆபரேஷனுக்கு ஏற்ற காலம் அது. இரண்டு மூன்று துளை, ஒரு கேமரா. அறைகளை உடைத்துக் கழுவிவிட்டால் நுரையீரல் எழுந்துகொள்ளும். அதையும் தாண்டினால் சவ்வின் மேல் கெட்டியாக ஒரு தோல் படர்ந்து நுரையீரலைக் கட்டிப்போட்டுவிடும். டிபியில் இந்தத் தோல் இன்னும் தடிப்பாக இருக்கும். அப்பாவுக்கு நுரையீரல் விரியாததற்கு இதுவே காரணமாக இருக்கலாம்.

அந்தத் தோலை உரித்தெடுப்பதற்குத்தான் டிகார்டிகேஷன் என்று பெயர். நுங்கின் மேல்தோலை உரித்திருப்பீர்கள். நகம் பட்டால் நீர் ஒழுகிவிடும். இங்கே நுரையீரல் கிழிந்தால் காற்று ஒழுகும். நாள்கணக்கில் டியூபை எடுக்க முடியாது. விரலால் தடவித் தடவிப் பிரிக்க வேண்டிய நிலை என்றால், விலா எலும்புகளுக்கிடையே திறப்பதே பத்திரம்.

துளை ஆபரேஷனின் நன்மைகள் உண்மையானவை. வலி குறைவு, நன்றாக இருமிச் சளியைத் துப்பலாம், சீக்கிரம் வீடு திரும்பலாம். ஆனால் அது சின்ன ஆபரேஷன் என்று எண்ணிவிடாதீர்கள். இரண்டுக்கும் முழு மயக்கம் வேண்டும். இரண்டிலும் பெரும்பாலும் ஒரு பக்க நுரையீரலை நிறுத்திவைத்துத்தான் வேலை செய்வார்கள். துளையில் தொடங்கி நடுவில் திறக்க நேர்வதும் உண்டு. அதைத் தோல்வியாக நினைக்கக் கூடாது. சரியான நேரத்தில் திறக்கத் தெரிந்த கையைத்தான் நான் நம்புவேன்.

காலம் தவறினால் என்ன ஆகும் என்பதை மருத்துவ உலகம் பெரிய விலை கொடுத்துக் கற்றது. 1918-இல் அமெரிக்க ராணுவ முகாம்களில் நெஞ்சில் சீழ் கட்டியவர்களை உடனுக்குடன் திறந்தார்கள். 100-க்கு சுமார் 30 பேர் இறந்தார்கள். எவார்ட்ஸ் கிரஹாம் என்ற சர்ஜன் இருந்த குழு ஆராய்ந்து, தொடக்கத்திலேயே திறக்காமல் காற்று புகாதபடி வடிக்கச் சொன்னது. சாவு 5-க்கும் கீழே இறங்கியது. துளை வழியாக நெஞ்சுக்குள் பார்ப்பதும் புதிதல்ல. ஸ்டாக்ஹோமில் ஜேக்கோபியஸ் 1910-லேயே அதைச் செய்து, பிறகு டிபி நோயாளிகளுக்குப் பயன்படுத்தினார். வீடியோ கேமரா வந்து அது பரவியது 1990-களில்.

எனவே ஸ்கேன் படத்தோடு சர்ஜனிடம் உட்கார்ந்து கேளுங்கள். தோல் எவ்வளவு தடிப்பு? அடியில் இருக்கும் நுரையீரல் விரியக்கூடியதா? டிபி மருந்து சில வாரம் வேலை செய்யும்வரை காத்திருக்கலாமா? தனியாரிடம் இன்னொன்றும் கேட்க வேண்டும்: நடுவில் திறக்க நேர்ந்தால் செலவு எவ்வளவு கூடும்? படத்தைப் பார்க்காமல் நான் தீர்ப்புச் சொல்ல முடியாது. ஆனால் உங்கள் கடிதத்தில் உள்ளதை வைத்துப் பார்த்தால், திறக்கச் சொன்ன மருத்துவர் பழைய பாணிக்காரர் என்று எனக்குத் தோன்றவில்லை.

இரண்டாவது கருத்துக்கு உங்கள் மாவட்டத்திலேயே தாம்பரம் சானடோரியம் இருக்கிறது. டாக்டர் சௌரி முத்து 1928-இல் தொடங்கியது. இன்று அரசு நெஞ்சக நோய் மருத்துவமனை. முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்தால் ஆபரேஷனுக்கு அதில் வழி உண்டா என்றும் விசாரியுங்கள்.

தாங்குவாரா என்பது பாதி உங்கள் கையில் இருக்கிறது. சர்க்கரை கட்டுக்குள் வரட்டும். முட்டை, சுண்டல், பருப்பு தினமும் வேண்டும். டிபி நோயாளிக்கு மாதம் 1,000 ரூபாய் ஊட்டச்சத்துத் தொகை வர வேண்டும், கேட்டு வாங்குங்கள். மூச்சுப் பயிற்சிக்கான மூன்று பந்துக் கருவியில், ஊதாமல் மூச்சை உள்ளே இழுக்க இப்போதே பழகட்டும். டியூப் பாட்டில் எப்போதும் நெஞ்சுக்குக் கீழேயே இருக்க வேண்டும்.

மலைக்கு அவசரம் வேண்டாம். ஆபரேஷனுக்குப் பிறகு முதலில் வாசல், பிறகு தெரு, பிறகு சங்கு தீர்த்தக் கரை. சில மாதம் கழித்து மூச்சுச் சோதனை பார்த்து மருத்துவர் சரி என்றால், ஐந்நூறு படிக்கு மேல் இருக்கிறது, பாதியில் உட்கார்ந்து உட்கார்ந்து ஏறட்டும். டிபி மாத்திரையை மட்டும் ஆபரேஷன் முடிந்தது என்று நிறுத்திவிடக் கூடாது.

கடையில் அவரோடு உட்காரும் உங்கள் அம்மாவுக்கும், உங்களுக்கும், வீட்டுக் குழந்தைகளுக்கும் டிபி பரிசோதனை ஆகிவிட்டதா? கடிதத்தில் நீங்கள் சொல்லவில்லை. ஆகவில்லை என்றால் இந்த வாரமே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய் வாருங்கள்.